பழைய கைத்துப்பாக்கிக்கு வீட்டில் நிறம் ஏற்றுவது: குளிர் ப்ளூயிங் போதுமா, வேறு வழிக்குப் போகலாமா?

குழல் முனையில் கருமை போய் வெள்ளையாகத் தெரிகிறது, சிலிண்டரின் ஓரங்கள் உறையில் உரசி உரசிப் பளபளக்கின்றன, கைப்பிடிக்கு மேலே வியர்வை பட்ட இடத்தில் லேசாகத் துரு. பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கியவர் முதலில் தேடுவது ஒரு சின்ன பாட்டில் குளிர் ப்ளூயிங் திரவத்தைத்தான் (ப்ளூயிங் என்பது ஸ்டீலின் மேற்பரப்பை நீலக் கறுப்பாக்குவது, அந்த நிறத்தையே நீலம் என்றும் சொல்வார்கள்). விலை குறைவு, அடுப்பு வேண்டாம், தொட்டி வேண்டாம், துணியில் நனைத்துத் தேய்த்தால் கண் முன்னாலேயே இரும்பு கறுக்கிறது. அதனால் முழுத் துப்பாக்கியையும் சுரண்டி வெள்ளையாக்கிவிட்டு, தலை முதல் கால் வரை அதையே பூசிவிடுகிறார்கள். சில மாதங்களில் அது தேய்ந்து திட்டுத்திட்டாகிவிடும், மறுபடியும் பூச வேண்டும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர் ப்ளூயிங் திட்டுகளைச் சரிசெய்ய நல்ல பொருள். முழுத் துப்பாக்கிக்கு அது சரியான பூச்சு இல்லை. முழுதாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் வீட்டில் செய்யக்கூடியவற்றில் துரு ப்ளூயிங்தான் (வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, அதைக் கொதிநீரில் கறுப்பாக்குவது) சிறந்தது, அதைப் பார்த்துப் பலரும் பயப்படுவது தேவையில்லாத பயம். இரண்டையும்விட நல்ல வழி சில துப்பாக்கிகளுக்கு உண்டு: நிறத்தைத் தொடாமல் விடுவது.

எந்த முறையாக இருந்தாலும் முதலில் கையில் இருப்பது என்ன உலோகம், அதன் மேல் இருப்பது என்ன பூச்சு என்று தெரிய வேண்டும். ப்ளூயிங் என்பது கார்பன் ஸ்டீலுக்கு மட்டும் உரியது. காந்தத்தை எடுத்து ஃப்ரேமில், அதாவது துப்பாக்கியின் உடல் பகுதியில், வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் அலுமினியமாக இருக்கலாம், அதில் எந்த ப்ளூயிங்கும் பிடிக்காது. வால்தர் பி38 ஸ்டீல் ஃப்ரேம், அதற்குப் பிறகு வந்த பி1 அலுமினிய ஃப்ரேம், பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரெட்டா 92-க்கும் ஃப்ரேம் அலுமினியம், ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல் பகுதி) ஸ்டீல். காந்தம் ஒட்டினாலும் அத்தோடு முடிந்துவிடாது, ஏனென்றால் சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகளிலும் காந்தம் ஒட்டும், அவற்றில் குரோமியம் இருப்பதால் சாதாரண ப்ளூயிங் ஏறாது. ஸ்மித் அண்ட் வெஸன் 1965-ல் மாடல் 60-ஐக் கொண்டு வந்ததிலிருந்து ஸ்டெயின்லெஸ் ரிவால்வர்கள் ஏராளமாக வந்துவிட்டன, அவற்றுக்கு மெருகு போடலாமே தவிர நீலம் ஏற்ற முடியாது. க்ளாக் போன்ற புதிய பிஸ்டல்களின் ஸ்லைடு நைட்ரைடு செய்யப்பட்டது, மேற்பரப்பே கடினமாக மாற்றப்பட்டிருக்கும், குளிர் ப்ளூ திரவம் அதன் மேல் சரியாக வேலை செய்யாது. சிஇசட் 75-இல் பல, பாஸ்பேட் மேல் பெயின்ட் அடித்தவை. பெயின்ட் உரிந்த இடத்தில் நீலம் வைத்தால் சுற்றியிருக்கும் கறுப்போடு அது சேராது, தனித் திட்டாகத் தெரியும்.

ஆக, இந்தக் கட்டுரை யாருக்கு என்றால், கார்பன் ஸ்டீலில் செய்து ப்ளூயிங் போட்ட பழைய துப்பாக்கிகளை வைத்திருப்பவர்களுக்கு: ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10, பழைய கோல்ட் ரிவால்வர்கள், மகரோவ், டோக்கரெவ் மாதிரியானவை.

அடுத்து, தொடலாமா கூடாதா என்ற கேள்வி. சேகரிப்பவர்கள் விலை கொடுப்பது அசல் பூச்சுக்கு, அது பாதி தேய்ந்திருந்தாலும் சரி. ஒரு பழைய லூகர் பிஸ்டலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பல துப்பாக்கிகளில் டிரிக்கர், சேஃப்டி போன்ற சிறு பாகங்கள் வைக்கோல் நிறத்தில் இருக்கும், வெப்பத்தால் வந்த நிறம் அது. விவரம் தெரியாதவர் கையில் கிடைத்தால் அவற்றையும் சேர்த்துக் கறுப்பாக்கிவிடுவார், அப்புறம் அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவருவது பெரிய வேலை. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவப் பிஸ்டலான 1911ஏ1 பெரும்பாலும் பார்க்கரைசிங் செய்து வந்தது, சாம்பல் கலந்த மங்கலான பூச்சு. அதற்குப் பளபளக்கும் நீலம் ஏற்றினால் அது அழகாகவே இருந்தாலும் தவறான பூச்சு. ஸ்மித் அண்ட் வெஸனின் பழைய ரிவால்வர்களில் ஹேமரும் டிரிக்கரும் கேஸ் ஹார்டனிங் (மேற்பரப்பை மட்டும் கடினமாக்குவது) செய்தவை, பல நிறங்கள் அலையலையாகக் கலந்திருக்கும், அதையும் ப்ளூ பண்ணக்கூடாது. துப்பாக்கி வரலாற்று மதிப்புள்ளதா என்ற சந்தேகம் ஒரு துளி இருந்தாலும், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டும் வரை எண்ணெய் போட்டு வைத்தால் போதும். சுரண்டிய பூச்சு திரும்ப வராது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வரிசை எண்ணும் மற்ற முத்திரைகளும் இருக்கும் இடத்தில் உப்புத்தாள் வைக்கவே வேண்டாம். எழுத்து மங்கினால் மதிப்பு குறையும் என்பது ஒரு பக்கம், வரிசை எண்ணை அழிப்பது பல நாடுகளில் குற்றம் என்பது அதைவிடப் பெரியது. சில இடங்களில் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்தான் இந்த வேலைகளைச் செய்யலாம் என்றும் சட்டம் இருக்கும், உங்கள் ஊர் விதியைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

சரி, தொடலாம் என்று முடிவாகிவிட்டது. ஆனாலும் நேராக நிறம் ஏற்றப் போகாதீர்கள். பலருக்குத் தெரியாத ஒரு நடு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி அது. பழைய நீலத்தின் மேல் மெல்லிய செந்துரு படர்ந்திருந்தால், மரக் கைப்பிடிகளைக் கழற்றி, பாகங்களை முழுதாகப் பிரித்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் இருபது நிமிடம் போல கொதிக்க வையுங்கள். கொதிநீரில் செந்துரு கருந்துருவாக மாறும், அதாவது மேக்னடைட், அசல் ப்ளூயிங் எதனால் ஆனதோ அதே பொருள். வெளியே எடுத்ததும் கறுப்புப் பொடியாகப் படிந்திருப்பதை எண்ணெய்ப் பசை நீக்கிய மெல்லிய இரும்பு நாரால் மெதுவாகத் துடைத்தெடுத்தால் அடியில் இருக்கும் பழைய நீலம் அப்படியே நிற்கும், துரு இருந்த இடமும் கறுத்திருக்கும். சுரண்டல் இல்லை, அமிலம் இல்லை, அசல் பூச்சும் போகவில்லை. இதற்கு மாறாகக் கடையில் கிடைக்கும் துரு நீக்கியில் ஊற வைத்தால் என்ன ஆகும்? துரு போகும், கூடவே நீலமும் போகும், ஏனென்றால் இரண்டுமே இரும்பு ஆக்சைடுதான், திரவத்துக்கு வித்தியாசம் தெரியாது. வினிகரும் அப்படித்தான். துருவைத் துடைக்கப் போய் முழுத் துப்பாக்கியும் வெள்ளையாகி நின்றவர்கள் நிறையப் பேர்.

பல துப்பாக்கிகளுக்கு இந்தக் கொதிக்க வைக்கும் வேலையும், ஓரங்களில் கொஞ்சம் குளிர் ப்ளூவும் சேர்ந்தாலே போதும்.

இப்போது குளிர் ப்ளூயிங். பெயரில் ப்ளூயிங் இருந்தாலும் வேதியியலில் இது வேறு சமாச்சாரம். இந்தத் திரவங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது செலீனியம் சேர்மமும், தாமிர உப்பும், கொஞ்சம் அமிலமும். இரும்பின் மேல் பட்டதும் தாமிரமும் செலீனியமும் சேர்ந்து கறுப்பான ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. இரும்பே ஆக்சைடாக மாறி உண்டான தோல் இல்லை இது, மேலே வந்து உட்கார்ந்த படலம். அதனால்தான் உறையில் போட்டு எடுத்தால் தேய்கிறது, வியர்வை பட்டால் வெளிறுகிறது, சில நேரம் பழுப்பாகவும் மாறுகிறது. துருவைத் தடுக்கும் சக்தியும் மிகக் குறைவு, தடுப்பதெல்லாம் மேலே நிற்கும் எண்ணெய்தான். பூசிய பிறகு காரமான ஒரு நாற்றம் சில நாள் வரை விடாது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, அது எங்கே ஜெயிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். குழல் முனையின் விளிம்பு, ஸ்லைடின் முன்பக்க ஓரங்கள், சிலிண்டரின் விளிம்பு, கழற்றும்போது விழுந்த ஒரு கீறல், புதிதாகப் பொருத்திய ஒரு ஸ்க்ரூ தலை. இந்த மாதிரிச் சின்ன இடங்களுக்கு இதைவிட எளிதான வழி இல்லை. சுற்றியிருக்கும் பூச்சைத் தொடாமல் வேலையை முடிக்கலாம், பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம். மாடல் 10 போன்ற ஒரு பழைய போலீஸ் ரிவால்வரில் உறைத் தேய்மானம் மட்டும் இருந்தால் நான் முழுப் பூச்சு பற்றி யோசிக்கவே மாட்டேன், ஓரங்களுக்குக் குளிர் ப்ளூ, அவ்வளவுதான்.

திரவங்களிலும் வித்தியாசம் உண்டு. பிர்ச்வுட் கேஸியின் பெர்மா ப்ளூ எளிதாகக் கிடைப்பது, அதே நிறுவனத்தின் சூப்பர் ப்ளூ இன்னும் காரம் கூடியது, நிக்கல், குரோமியம் கொஞ்சம் கலந்த கடினமான ஸ்டீலுக்காகச் செய்தது. பிரவுனெல்ஸின் ஆக்ஸ்போ ப்ளூவில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, தேய்த்து மெருகேற்றினால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் நின்று பிடிக்கும் என்பதால் ஓரங்களுக்கு எனக்கு இது பிடிக்கும். ஆனால் உங்கள் துப்பாக்கியின் ஸ்டீலுக்கு எது ஒத்துப்போகும் என்பதைப் பூசிப் பார்த்தால்தான் தெரியும். ஒரே துப்பாக்கியில் ஃப்ரேம் ஒரு கலவை, குழல் வேறு கலவை என்றிருந்தால் ஒன்று நீலக் கறுப்பாகவும் இன்னொன்று சாம்பலாகவும் வரும். கைப்பிடிக்கு அடியில் மறைந்திருக்கும் இடத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பது நல்லது.

குளிர் ப்ளூ சரியாக வராததற்குக் காரணம் பத்தில் ஒன்பது முறை எண்ணெய்ப் பசைதான். பழைய துப்பாக்கியின் ஒவ்வொரு இடுக்கிலும் எண்ணெய் ஊறியிருக்கும், மேலே துடைத்தாலும் சூடு பட்டதும் இடுக்கிலிருந்து கசிந்து வந்து திட்டாக நிற்கும். அதனால் அசிட்டோனால் ஒரு முறை, கொஞ்சம் சூடாக்கி மறுபடி ஒரு முறை என்று துடையுங்கள், அதற்குப் பிறகு வெறும் விரலால் தொடக்கூடாது, நைட்ரைல் கையுறைதான். கடையில் வாங்கும் இரும்பு நாரிலேயே துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள், அதையும் அசிட்டோனில் அலசிக் காய வைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பிறகு ஹேர் டிரையராலோ வெந்நீராலோ பாகத்தை வெதுவெதுப்பாக்கி, பஞ்சில் நனைத்து, ஒரே வீச்சில் நீளமாகத் தடவுங்கள். நடுவில் நிறுத்தி நிறுத்தித் தடவினால் கோடு விழும். அரை நிமிடம், ஒரு நிமிடம் விட்டு (பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பாருங்கள்) நீரில் கழுவி, துடைத்து, 0000 எண் கொண்ட மிக மெல்லிய இரும்பு நாரால் லேசாகத் தேய்த்து, மறுபடி பூசுங்கள். இரண்டு மூன்று முறை பூசினால்தான் ஆழமான நிறம் வரும். நீண்ட நேரம் ஊற விட்டால் நல்ல கறுப்பு வரும் என்று நினைக்க வேண்டாம், தாமிரம் அதிகமாகப் படிந்து செம்பழுப்பாகிவிடும்.

செலீனியம் விஷம், இதை லேசாக எடுத்துக்கொள்ளவே கூடாது. காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி, சமையலறையில் செய்யவே கூடாது, துடைத்த பஞ்சைக் குழந்தைகள் கைக்கு எட்டும் குப்பையில் போடக்கூடாது. தாமிரமும் செலீனியமும் நீர்வாழ் உயிர்களைக் கொல்லும் என்பதால் மீந்த திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்ப்பதுதான் முறை.

முழுதாகச் செய்வதென்றால் துரு ப்ளூயிங் என்றேன், அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் காரணம் புரியும். லேசான அமிலத் திரவத்தைச் சுத்தமான ஸ்டீலின் மேல் மெல்லிசாகத் தடவி, ஈரப்பதமான பெட்டிக்குள் தொங்க விடுகிறீர்கள், சில மணி நேரத்தில் மேற்பரப்பு முழுக்க மெல்லிய, சீரான செந்துரு படரும். அதைக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைத்தால், முன்பு சொன்ன அதே மாற்றம், செந்துரு கருந்துருவாகிறது. எடுத்து, மேலே நிற்கும் தளர்வான பொடியை மிக மெல்லிய கம்பி பிரஷ்ஷாலோ இரும்பு நாராலோ நீக்கினால் அடியில் ஒட்டிக்கொண்ட கருமை நிற்கும். முதல் சுற்றில் சாம்பல் மாதிரி, அடுத்ததில் கொஞ்சம் அடர்த்தி, ஐந்தாறு சுற்றில், சில ஸ்டீலுக்கு எட்டுச் சுற்றில், ஆழமான நீலக் கறுப்பு. இது இரும்பே மாறி உண்டான தோல், மேலே வந்து படிந்தது இல்லை. நல்ல இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகளுக்கு இன்றும் இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதற்கு ஒரு காரணம் குழல்களை ஈயப் பற்றால் ஒட்டியிருப்பது. தொழிற்சாலைகளில் செய்யும் சுடு ப்ளூயிங்கில் இருக்கும் சூடான காஸ்டிக் சோடா அந்தப் பற்றை அரித்துவிடும், வெறும் கொதிநீர் ஒன்றும் செய்யாது.

இதில் என்ன கஷ்டம்? நேரம்தான். மெதுவான முறையில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் போகாது. அவசரம் என்றால் துரித முறை இருக்கிறது: பாகத்தைக் கொதிநீரில் சூடாக்கி எடுத்ததும் திரவத்தைத் தடவினால் சில நிமிடங்களிலேயே துரு பிடிக்கும், உடனே மறுபடி கொதிக்க வைக்கலாம், ஒரே நாளில் முடிந்துவிடும். மெதுவான முறையின் நிறம் எனக்கு இன்னும் சீராகத் தெரிகிறது, ஆனால் முதல் முறை செய்பவருக்குத் துரித முறையே மேல், ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், எங்கே எண்ணெய் பட்டது என்பதும் உடனே தெரிந்துவிடும். திரவத்தை நீங்களே கலக்க முயல வேண்டாம். பழைய செய்முறைகளில் நைட்ரிக் அமிலம், பாதரச உப்பு என்றெல்லாம் வரும், தயாராகக் கிடைப்பதே போதும். லாரல் மவுண்டன் ஃபோர்ஜ் திரவம் ஒன்று, கொதிக்க வைத்தால் நீலக் கறுப்பும், கொதிக்க வைக்காமல் விட்டால் பழைய காலத்துப் பழுப்பும் அதிலேயே கிடைக்கும்.

பாத்திரம் பாகம் முழுதாக மூழ்கும் அளவில் இருக்க வேண்டும், அதில் மறுபடி சமைக்கக்கூடாது. கைத்துப்பாக்கி என்பதால் இது பெரிய பிரச்சினையே இல்லை, நீளமான ரைஃபிள் குழலுக்குத்தான் தனித் தொட்டி தேடி அலைய வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கும் உப்புகளும் குளோரினும் புள்ளி விழ வைக்கும். குழலின் உட்புறத்திலும் சிலிண்டர் அறைகளிலும் திரவம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் இரண்டு முனையையும் இறுக அடைத்துவிடுவார்கள், ஆனால் உள்ளே சிக்கிய காற்று சூட்டில் விரிந்து அடைப்பானைத் தெறிக்க வைக்கும், பக்கத்தில் முகம் இருந்தால் ஆபத்து. உட்புறத்தில் மெல்லிய லேக்கர் (வார்னிஷ் மாதிரியான பூச்சு) பூசி, கடைசியில் கரைத்தெடுப்பது பாதுகாப்பானது.

சுடு ப்ளூயிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொழிற்சாலையில் செய்த நீலம் பெரும்பாலும் இதுதான், காஸ்டிக் சோடாவும் சோடியம் நைட்ரேட்டும் கரைந்த நீரை 140 டிகிரி செல்சியஸ் சுற்றி வைத்து, அதில் பாகங்களை அரை மணி நேரம் போல மூழ்க வைப்பார்கள். கறுப்பு அழகாக வரும், மேற்பரப்பு கண்ணாடி மாதிரி இருந்தால் நீலமும் கண்ணாடி மாதிரி இருக்கும், அந்தப் பழைய கோல்ட் பைத்தானின் ஆழம் வேறு எதிலும் வராது. ஆனால் 140 டிகிரியில் கொதிக்கும் காஸ்டிக் வீட்டில் வைத்து விளையாடும் பொருள் இல்லை. அதில் கொஞ்சம் தண்ணீர் தவறாக விழுந்தால் நீராவியாக வெடித்து மேலே தெறிக்கும், தோலையும் கண்ணையும் கரைக்கும். அலுமினிய பாகம் ஒன்று மறந்து உள்ளே போனால் கரைந்தே போய்விடும், ஹைட்ரஜனும் கிளம்பும். இந்தப் பூச்சுதான் வேண்டும் என்றால் துப்பாக்கியைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள், மெருகு வேலையை மட்டும் நீங்கள் செய்து கொடுத்தால் செலவு குறையும். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், வார்ப்பு ஸ்டீல் பாகங்கள் சில நேரம் நாவல் பழ நிறத்துக்குப் போய்விடும். ரூகரின் பழைய ஃப்ரேம்களில் இது பிரபலம், செய்தவரின் தவறு என்று சொல்ல முடியாது.

நைட்டர் ப்ளூயிங் என்று ஒன்று உண்டு, உருக்கிய நைட்ரேட் உப்புகளில் ஏறத்தாழ 300 டிகிரியில் முக்குவது. மயில் கழுத்து நிறம் வரும், ஸ்க்ரூவுக்கும் பின்னுக்கும் கொள்ளை அழகு. ஆனால் அந்த வெப்பம் பதம் பிடித்த ஸ்டீலின் கடினத்தைக் குறைத்துவிடும் என்பதால் ஸ்லைடு, சிலிண்டர் பக்கமே கொண்டு போகக்கூடாது, உருகிய உப்பு என்பதால் வீட்டுக்கும் ஆகாது.

பார்க்கரைசிங்கும் செராகோட் மாதிரியான பூச்சுகளும் இன்னொரு திசை. இவற்றில் அழகைவிட உழைப்பு முக்கியம். பார்க்கரைசிங்கில் மாங்கனீசு அல்லது துத்தநாக பாஸ்பேட் கரைசலை 90 டிகிரி அளவில் சூடாக்கிப் பாகத்தை மூழ்க வைக்க வேண்டும், நுண்துளை உள்ள சாம்பல் பூச்சு வரும், அது எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனாலேயே துருவை நன்றாகத் தடுக்கும். செராகோட் என்பது பீங்கான் துகள் கலந்த பூச்சு, ஸ்ப்ரே செய்து, ஹெச் வகை என்றால் 121 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைக்க வேண்டும் (சமையல் ஓவனில் வேண்டாம்), வியர்வைக்கும் மழைக்கும் இதுவே அதிகம் தாங்கும். இரண்டுக்கும் முதலில் மணல் வீச்சு, அதாவது பிளாஸ்டிங், தேவை. வீட்டில் கம்ப்ரஸரும் பிளாஸ்டிங் பெட்டியும் இல்லாதவருக்கு அங்கேயே கதை முடிந்துவிடும். செராகோட் ஏறத்தாழ 25 மைக்ரான் தடிமன் கொண்டது, ப்ளூயிங்கோ ஒன்றிரண்டு மைக்ரான்தான், எனவே இறுக்கமாகப் பொருந்தும் பிஸ்டலில் ஸ்லைடு தடம் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. தினமும் இடுப்பில் சுமக்கும், வரலாற்று மதிப்பு எதுவும் இல்லாத, ஏற்கெனவே குழி விழுந்த துப்பாக்கிக்கு இவை நியாயமான தேர்வு. ஆழமான துருக்குழிகளைத் தேய்த்து எடுக்க நினைத்தால் உலோகமே கணிசமாகப் போகும், எழுத்துகள் போகும், ஓரங்கள் உருண்டுவிடும். மங்கலான பூச்சு அந்தக் குழிகளைக் கண்ணுக்கு மறைக்கும், பளபளப்பான நீலமோ அவற்றை எடுத்துக் காட்டும்.

எந்த முறை ஆனாலும் விளைவில் முக்கால் பங்கு மெருகு வேலையில்தான் இருக்கிறது. பழைய பூச்சை எடுத்த பின் உப்புத்தாளில் 220, 320, 400 என்று ஏறுங்கள், முந்தைய தாளின் கீறல் முழுதாகப் போன பிறகுதான் அடுத்தது. தட்டையான பக்கங்களுக்குத் தாளுக்குப் பின்னால் கட்டாயம் ஒரு கட்டை வேண்டும், விரலால் அழுத்தித் தேய்த்தால் அலை விழும், அந்த அலை பூச்சு ஏறிய பின்தான் தெரியும். பஃபிங் சக்கரத்தைப் பழக்கமில்லாதவர் தொட வேண்டாம், ஸ்க்ரூ துளைகளைச் சுற்றிக் கிண்ணமாகக் குழித்துவிடும், கூரான ஓரங்களை உருட்டிவிடும், தேய்ந்த எழுத்தையும் உருண்ட ஓரத்தையும் பார்த்தே இது மறுபூச்சு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். துரு ப்ளூயிங்குக்கு 320 அல்லது 400-லேயே நிறுத்துங்கள், அதற்கு மேல் கண்ணாடியாக்கினால் திரவம் சீராகப் பிடிக்காது, அந்தப் பட்டு மாதிரியான மங்கலும் வராது. ஸ்லைடு தடங்கள், சிலிண்டரைப் பிடித்து நிறுத்தும் பள்ளங்கள், டிரிக்கரும் சியரும் (ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பாகம்) சந்திக்கும் முகங்கள் ஆகியவற்றில் உப்புத்தாள் கூடவே கூடாது, அங்கே ஒரு இழை குறைந்தாலும் துப்பாக்கி தானாக வெடிக்கும் நிலைக்குப் போகலாம்.

பிரிக்கும்போதும் கவனம். முதலில் மேகசினைக் கழற்றி, குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் வேலை. ஸ்க்ரூ தலைக்குச் சரியாகப் பொருந்தும் இணைப்பக்க முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் வேண்டும், ஆப்பு வடிவத்தில் இருப்பது தலையைக் கிழித்துவிடும். ஸ்மித் அண்ட் வெஸனின் பக்கத் தகட்டை நெம்பக்கூடாது, ஸ்க்ரூக்களைக் கழற்றிவிட்டு ஃப்ரேமைச் சுத்தியலின் மரக் கைப்பிடியால் தட்டினால் அதிர்வில் அதுவே எழும்பி வரும். நெம்பினால் விளிம்பு வளைந்துவிடும், எந்தப் பூச்சும் அந்த இடைவெளியை மறைக்காது.

ஆக, உறைத் தேய்மானம் மட்டும் என்றால் குளிர் ப்ளூ. நீலத்தின் மேல் மெல்லிய துரு என்றால் கொதிநீர், தேவைப்பட்டால் ஓரங்களுக்குக் குளிர் ப்ளூ. நீலம் பெரும்பாலும் போய்விட்டது, குழி இல்லை, வைத்துப் பார்க்க ஆசை என்றால் துரு ப்ளூயிங். குழி நிறைந்த வேலைத் துப்பாக்கி என்றால் மணல் வீச்சும் பார்க்கரைசிங்கோ செராகோட்டோ, தொழில்முறை ஆளிடம். முழுத் துப்பாக்கிக்கும் குளிர் ப்ளூ போட நான் சம்மதிப்பது ஒரே இடத்தில்: விலை மிகக் குறைவான, பயிற்சிக்கு மட்டும் எடுத்த, பல முறை பூசினாலும் கவலையில்லாத துப்பாக்கி. மெருகு வேலையைக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

கடைசியாக, குளிர் ப்ளூவானாலும் துரு ப்ளூயிங்கானாலும் பூச்சு முடிந்த பின்னும் அமிலம் உள்ளே மிச்சமிருக்கும். அடுத்த நாள் பார்த்தால் ஸ்க்ரூ துளைகளிலும் எழுத்துப் பள்ளங்களிலும் செம்பொடி எட்டிப் பார்க்கும். சமையல் சோடா கரைத்த நீரில் நன்றாக அலசி, சுத்தமான வெந்நீரில் கழுவி, சூடாக இருக்கும்போதே நீரை வெளியேற்றும் எண்ணெயில் நனைத்து ஓர் இரவு விடுங்கள். முதல் வாரம் தினமும் ஒரு முறை துடைத்துப் பார்த்து எண்ணெய் போடுங்கள், எங்காவது செம்மை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் மறுபடி சோடா நீரால் துடைத்தால் நின்றுவிடும். லேக்கர் பூசியிருந்தால் உட்புறத்தை முழுதாகச் சுத்தம் செய்து, குழல் வழியே வெளிச்சம் பார்த்து, எல்லாப் பாகமும் சேர்ந்த பிறகு வெறும் துப்பாக்கியில் சேஃப்டி, டிரிக்கர், சிலிண்டர் நிற்கும் நேரம் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதியுங்கள். ஏதாவது ஒன்று முன்பு போல இல்லை என்றால் தோட்டா போடாமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் எடுத்துப் போங்கள்.